பாலம் கடந்த மணப்பெண்

சூடானின் ஓம்துர்மான் நகரில் சண்டை எவ்வளவு முற்றினாலும் பகீத்தின் வேனில் மட்டும் கல்யாணத்துக்குக் குறைவில்லை. அன்றும் ரிப்பன் கட்டிய வேனைப் பாலத்துச் சோதனைச் சாவடியில் சிப்பாய் மறித்தான்.

“என்ன பகீத் அண்ணே, மறுபடியும் கல்யாணமா?”

“பொண்ணு மயங்கிக் கெடக்குது தம்பி. அக்கரைக்குச் சீக்கிரம் போகணும், விடு!”

பின் இருக்கையில் பத்தூல் அத்தை குலவையிட்டாள். சிவப்புப் பட்டால் போர்த்திய மணப்பெண்ணின் தலை அவள் மடியில் இருந்தது.

சிப்பாய் கதவைத் திறந்தான். “முகத்தைக் காட்டுங்க.”

“மாப்பிள்ளைக்கு முன்னாடி நீ பாக்கறதா? வெக்கமா இல்ல?” என்றாள் அத்தை.

அவன் பட்டை விலக்கினான். உள்ளே தாடி இருந்தது. குண்டடிபட்டு நினைவிழந்த ரொட்டிக்கடை இத்ரீஸ்! ஆம்புலன்ஸ் என்றால் இரு தரப்பாரும் சுட்டார்கள். கல்யாணத்தைச் சுட யாருக்கும் மனம் வரவில்லை. அதனால் பகீத்தும் அத்தையும் காயம்பட்டவர்களை இப்படித்தான் அக்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், கூலி வாங்காமல்.



சிப்பாய் பட்டை இழுத்து மூடினான். “கல்யாண வண்டி! யாரும் சுடாதீங்க!” என்று தன் ஆட்களிடம் கத்திவிட்டு, அத்தையிடம் குனிந்தான்.

“போன தடவை வந்த பொண்ணுக்கு மீசை வெளியிலயே தெரிஞ்சுது அத்தை. நல்லா மூடக் கூடாதா?”

“அப்போ உனக்கு...”

“மொதல் கல்யாணத்துலேருந்தே தெரியும். அந்தப் பக்கத்துக்காரனுங்களுக்குக் கேக்கணும், சத்தமாக் குலவை போடுங்க.”

வேன் பாலத்தில் ஏறியது. அத்தை அடிவயிற்றிலிருந்து குலவையிட்டாள்.

அக்கரையில், எதிரிகளின் சாவடியிலிருந்து, கரகரத்த ஆண்குரலில் ஒரு பதில் குலவை வந்தது.