ஆள் ஒன்று, ஆள் இரண்டு

"பேரே வேண்டாம்மா. ஆள் ஒண்ணு, ஆள் ரெண்டுன்னு போடு. அப்பதான் ஓரவஞ்சனை இருக்காது" என்றார் மேனேஜர்.

இரண்டு பேரில் ஒருவரை வேலையிலிருந்து அனுப்பியாக வேண்டும். கம்ப்யூட்டரில் மார்க் போட்டுக் கூட்டத் தெரிந்தவள் எதிரே உட்கார்ந்திருந்த கிளார்க் ஒருத்திதான். திறமை, அனுபவம், லீவு என்று அவர் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள்.

"ஆள் ரெண்டுக்குத்தான் மார்க் கம்மி சார்."

மேனேஜருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆள் இரண்டு அவருடைய மச்சினன்.

"லீவு போடாம வர்றதுதாம்மா முக்கியம். அதுக்கு இன்னும் பத்து மார்க் சேர்த்துப் பாரு."

சேர்த்தாள். "இப்ப ஆள் ஒண்ணுக்குக் கம்மி சார்."

"பாத்தியா? மனசு ஆயிரம் சொல்லும். அறிவு சொல்றதைத்தான் கேக்கணும்!"

அவள் தாளை அச்செடுத்து நீட்டினாள். கழுத்திலிருந்த அடையாள அட்டையையும் கழற்றி அதன்மேல் வைத்தாள்.

"போன வருஷம் தொண்ணூறு நாள் லீவு போட்டது இந்த ஆபீஸ்லயே நான் ஒருத்திதான் சார். பிரசவ லீவு. நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்க."

மேனேஜர் தலை நிமிரவில்லை. "ஆள் ஒண்ணு நீதான்னு தெரிஞ்சுமா சரியாத் தட்டினே? ஒரு நம்பரை மாத்தியிருந்தா நான் கண்டுபிடிச்சிருக்கவே மாட்டேனேம்மா..."

"மார்க்கை மாத்துறது என் வேலை இல்லையே சார்."