பாய்லர் சாக வேண்டிய நாள்

நூலகத்தைக் கதகதப்பாக்கும் பாய்லரை நான் சரிசெய்துவிட்டேன். இருபத்திரண்டு வருடக் காவலாளி வேலையில் நான் தொட்டு உருப்பட்ட ஒரே சாமான் அதுதான். அதற்குத்தான் அன்று காலை திட்டு வாங்கினேன்.

“இன்னிக்குப் பார்த்தா நீ அதுல கை வைக்கணும், க்ளைவ்?” என்றாள் நூலகர் க்வெண்டா. “பத்து மணிக்கு ஆள் வராரு.”

அவள் கோபம் நியாயம்தான். பொதுக் கட்டடங்களில் எரிவாயு பாய்லரைக் கழற்றிவிட்டு, புகையில்லாத வெப்பப் பம்பு வைக்க அரசு மானியம் தருகிறது. ஆனால் பழைய பாய்லர் சாகக் கிடந்தால்தான் தரும். மனுப்போட்டு ஐந்து மாதம் கழித்து, ‘கட்டடத்தைப் பார்வையிட ஒருவர் வருவார்’ என்று நகராட்சியிலிருந்து ஒற்றை வரிக் கடிதம் வந்திருந்தது.

என் கைவேலை மிஞ்சிப்போனால் ஈஸ்டர் வரை தாங்கும். வீட்டில் கணப்பு போடக் கட்டுப்படியாகாமல் தினமும் எங்களிடம் வந்து உட்காரும் பெரியவர்கள் முப்பது பேர். அடுத்த குளிர்காலத்தில் அவர்கள் எங்கே போவார்கள்?

எனவே பாய்லரை அணைத்தேன். ஜன்னல்களைத் திறந்தேன். யார்க்‌ஷயரின் ஜனவரிக் காற்று உறுப்பினர் அட்டைகூட இல்லாமல் உள்ளே வந்து உட்கார்ந்தது.

பெரியவர்களை விறைக்கவிட மனம் வரவில்லை. என் செலவில் எதிர்க்கடைக்குத் தேநீர் குடிக்க அனுப்பிவைத்தேன். எண்பத்தொரு வயது ஹில்டா மட்டும் நகரவில்லை.

“நான் நல்லா நடுங்குவேன் கண்ணு. சின்ன வயசுல நாடகத்துல எல்லாம் நடிச்சிருக்கேன்.”

பத்து மணிக்கு ப்ரெதர்ட்டன் என்பவர் கோப்பும் கையுமாக வந்தார். காலி நாற்காலிகளை எண்ணினார். வெளியே எத்தனை கார் நிற்கலாம் என்று எட்டிப் பார்த்தார்.

“ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருவாங்க?”

“இந்தக் குளிர்லயா? ஈ காக்கா எட்டிப் பார்க்காது சார்” என்றேன்.

ஹில்டாவின் பற்கள் தந்தியடித்தன. “பஸ் ஸ்டாப்பே இதைவிடக் கதகதப்பா இருக்கும் கண்ணு. காசு குடுத்துக் கூப்பிட்டாலும் இனி நான் இங்க வரமாட்டேன்.”

ப்ரெதர்ட்டன் எழுதிக்கொண்டார். எனக்குக் கைதட்டலாம் போலிருந்தது.

“விரல் மரத்துப்போயி புத்தகத்தையே எடுக்க முடியல சார்” என்று க்வெண்டாவும் மூக்கை உறிஞ்சினாள்.

“பாய்லரைப் பார்க்கறீங்களா? கீழ செத்துக் கிடக்கு” என்றேன்.

“வேணாம். இதுவே போதும்.”

இவ்வளவு சுலபமாகவா? நம்ப முடியாமல் கார் வரை பின்னாலேயே போனேன்.

“எங்களுக்குக் கிடைக்குமா சார்?”

“அறிக்கை குடுப்பேன். குழு முடிவு பண்ணும்.”

“குழு கிடக்கட்டும். நீங்க என்ன எழுதப் போறீங்க?”

“பார்த்ததை எழுதுவேன்.”

கார்க் கதவைப் பிடித்துக்கொண்டேன். “சார், நான் வெறும் காவலாளி. எனக்குச் சுத்தி வளைச்சா புரியாது. மானியம் உண்டா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க.”

“மானியமா?” அவர் முதல்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தார்.

“அதுக்கு வேற ஆளு வியாழக்கிழமை வருவாரு. எந்த நூலகத்தை மூடலாம்னு பார்க்கத்தான் நான் வந்தேன்.”