ஏழு பி, இருபத்துமூன்று

பள்ளிக்கூட அலுவலகத்திலிருந்து போன் வந்தபோது, புகைப்படக்காரர் நானூற்றுப் பன்னிரண்டு படங்களையும் அனுப்பி முடித்துவிட்டு ஆறிப்போன டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்.

எண்ணைப் பார்த்ததுமே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அலுவலகத்து அம்மாள் கறாரான மனுஷி. போன வருஷம் இரண்டு பிள்ளைகளின் எண் மாறிப்போனதற்கே, இனி ஒரு தப்பு நடந்தால் வேறு ஸ்டுடியோவைப் பார்த்துக்கொள்வோம் என்று முகத்துக்கு நேரே சொன்னவர்.

ஒரு படம் குறைகிறது என்றார்.

குறைய வழியே இல்லை. இரண்டு தடவை எண்ணியிருந்தார்.

வகுப்பு, பிரிவு, கீழ்க்கோடு, வரிசை எண். இதுதான் பள்ளிக்கூடத்தின் சட்டம். இடைவெளி கூடாது, புள்ளி கூடாது, பிள்ளையின் பெயர் அறவே கூடாது. முதல் வருஷம் அந்தத் தாளைக் கையில் வாங்கியபோது, பெற்ற பிள்ளைக்குப் பெயர் வைக்கக்கூட யாரும் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள் என்று கிண்டலடித்தார். அம்மாள் சிரிக்கவில்லை.

அவருடைய சொந்த முறை வேறு. முதலில் வாயில் வருகிற பெயர், கூடவே வருஷமோ வயதோ ஏதாவது ஒரு எண். ‘உர்ரென்ற மாப்பிள்ளை’, ‘சாய்ந்துபோன கேக்’, ‘வழுக்கையை மறைக்கச் சொன்ன டாக்டர்’. வேறு யாருக்கும் தலையும் புரியாது, வாலும் புரியாது. அவர் அரை நிமிஷத்தில் எடுத்துவிடுவார்.

வருஷத்தில் ஒரு வாரம் இந்த இரண்டு முறைகளும் ஒரே திரையில் குடித்தனம் நடத்தியாக வேண்டும். இடப்பக்கம் பள்ளிக்கூடத்து ஃபோல்டர், வலப்பக்கம் அவருடையது. நாலு நாள் எண் போட்டுப் போட்டுக் கண் பூத்துப்போகும்.

இந்தத் தலைவலியைத் தலைமுழுகிவிடு என்று ஸ்டுடியோக் கூட்டாளி ஆறு வருஷமாக நச்சரிக்கிறான். இவர் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. கல்யாணத்துக்கே கூட்டாளியை அனுப்பிவிட்டுக் கடையில் உட்காருகிறவர், இந்தப் பள்ளிக்கூடம் என்றால் மட்டும் விடியும் முன்பே கேமராவைத் துடைத்து வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

இத்தனைக்கும் அந்தத் தாளின் கடைசி வரிதான் அவருக்கு எரிச்சலிலும் எரிச்சல். வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும். எங்கள் பிள்ளைகளின் படம் ஒன்றுகூட உங்களிடம் இருக்கக் கூடாது.

எங்கள் பிள்ளைகளாம்.

வருஷா வருஷம் அதில் கையெழுத்துப் போடுவார். சொன்ன சொல் தவறாமல் எல்லாவற்றையும் அழிப்பார், ஒன்றைத் தவிர.

“ஏழு பி-ல முப்பத்தெட்டு வரணும் சார், முப்பத்தேழுதான் சரியா இருக்கு. நடுவுல ‘பாப்பா_12’னு ஒண்ணு கிடக்கு. யாரு சார் இந்தப் பாப்பா?”

டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

இடப்பக்கத்தில் இருக்க வேண்டியது வலப்பக்கத்தில். வலப்பக்கத்துப் பெயர் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. இந்த ஒரு படத்தில் மட்டும் ஆறு வருஷமாகச் சறுக்காத கை.

திங்கட்கிழமை அவள் முக்காலியில் உட்கார்ந்து பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டது ஞாபகம் வந்தது. சிரிக்கணுமா வேண்டாமா அங்கிள் என்று கேட்டாள். உன் இஷ்டம் என்றார். மற்ற பிள்ளைகளுக்கு ஒரு படம். அவளுக்கு லைட் சரியில்லை, தலை சாய்ந்திருக்கிறது என்று சாக்குச் சொல்லி ஐந்து. வரிசையில் நின்ற பிள்ளைகள் முணுமுணுத்தார்கள்.

போனில் அம்மாள் காத்திருந்தார். உங்களுக்குத் தெரிந்த பெண்ணா என்று கேட்டார். குரல் கொஞ்சம் மாறியிருந்தது.

“தெரியாது மேடம். கைதவறி வேற ஏதோ பேர் விழுந்துடுச்சு. அது ஏழு பி, இருபத்துமூணு.”

பட்டியலைப் பார்க்காமலேயே சொன்னார்.

பெயரை மாற்றி உடனே அனுப்புங்கள், நான் லைனிலேயே இருக்கிறேன் என்றார் அம்மாள்.

வலப்பக்கத்து ஃபோல்டரைத் திறந்தார். 7பி_23 அங்கேதான் இருந்தது, வீடு மாறி வந்துவிட்ட விருந்தாளிபோல.

அதற்கு மேலே பாப்பா_11. அதற்கும் மேலே பத்து, ஒன்பது, எட்டு, ஏழு, ஆறு. எல்லாவற்றிலும் அதே முக்காலி, அதே சாம்பல் நிறத் திரைச்சீலை.

ஐந்து இல்லை. நாலு இல்லை. மூன்று இல்லை.

இரண்டு வயதுக்கு மட்டும் அறுநூறு படங்கள். ஒன்றுக்கு ஆயிரத்துக்கும் மேல். எல்லாவற்றுக்கும் உச்சியில் பாப்பா_0: ஆஸ்பத்திரித் துண்டில் சுருட்டிய சிவந்த முகம், ஒரு பொடிக் கை. அந்தக் கை இறுக்கிப் பிடித்திருப்பது கேமராவுக்குப் பின்னாலிருந்து நீண்ட இவருடைய சுண்டுவிரலை.

அவள் இப்போது வேறு வீட்டில் வேறொருவரை அப்பா என்கிறாள். குழந்தை மனசைக் குழப்ப வேண்டாம், ஒதுங்கிக்கொள்ளுங்கள் என்று அவள் அம்மா கேட்டபோது, பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டியது இவரேதான். அந்தத் தலையை நினைத்தால் இப்போதும் சுவரில் மோதிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

7பி_23-ஐ அனுப்பினார்.

வந்துவிட்டது என்றார் அம்மாள். பாப்பாவை அழித்துவிட்டேன், இப்போது எல்லாம் முறைப்படி இருக்கிறது, போனால் போகிறது, அடுத்த வருஷமும் நீங்களே வாருங்கள் என்றார்.

“ரொம்ப நன்றி மேடம்.”

மனசார நன்றி சொன்னார். அதுதான் வயிற்றெரிச்சல்.