காய்ச்சல் பேச்சு

"நான் எப்ப சாவேன்னு பாத்துக்கிட்டு இருக்க. அப்புறம் எவன்கூட வேணும்னாலும் போகலாம்ல?"

கணவன் அதை வார்டுக்கே கேட்கும்படி சொன்னான். அவள் கட்டிலடியில் குந்தி, சிறுநீர்ப் பையைத் திறந்து குவளையில் வடித்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்துக் கட்டில்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

கிருமி பேசுகிறது, அவரில்லை.

இப்படிச் சொல்லிக்கொண்டுதான் அவள் நாட்களை ஓட்டினாள்.

கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போனதிலிருந்து அவனுக்குக் குழாய் வழியாகத்தான் சிறுநீர். குழாய் இருக்கும்வரை கிருமி வரும். மருந்துக்குப் போகும், முன்னைவிட முரடாகத் திரும்பி வரும். மாத்திரைகள் எதுவும் இப்போது கேட்பதில்லை. நரம்பில் ஏற்றுகிற மருந்திலும் ஒன்றுதான் மிச்சம்.

கிருமி ஏறினால் தாறுமாறாகப் பேசுவார், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று டாக்டர் முதல் தடவையே சொல்லியிருந்தார்.

அவளும் வைத்துக்கொள்ளவில்லை. வேசி என்றதை. பிள்ளை இல்லாததைச் சொல்லிக் காட்டியதை. மாத்திரையை அவள் முகத்தில் துப்பியதை.

வீடு திரும்பியதும் ஒவ்வொரு முறையும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுவான். நானா அப்படிச் சொன்னேன், சத்தியமா ஞாபகமே இல்லை என்பான். அவள்தான் அவன் கண்ணைத் துடைத்துவிடுவாள்.

நர்ஸ் வந்து அவன் கையிலிருந்த ஊசியைக் கழற்றினாள்.

"கோர்ஸ் முடிஞ்சுதுக்கா. யூரின் கல்ச்சர் டெஸ்ட் சுத்தமா வந்திருக்கு, கிருமியே இல்ல. கூட்டிட்டுப் போகலாம்."

"இன்னும் உளறிக்கிட்டுதானேம்மா இருக்காரு? காய்ச்சல் விட்டாலும் தலைக்கேறினது இறங்க நாளாகும்னு நெனச்சேன்."

"இவரா?" நர்ஸ் சிரித்துவிட்டாள். "டாக்டர் கேட்டதுக்குத் தேதி, கிழமை எல்லாம் டக்கு டக்குன்னு சொன்னாரே. எங்களையெல்லாம் தங்கம், தங்கம்னுதான் கூப்பிடுறாரு. போன வாரத்துலேருந்தே தெளிவா இருக்காருக்கா."

அவள் குவளையோடு எழுந்தாள். கணவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு சொல் விடாமல் அவன் காதில் விழுந்திருந்தது.

நர்ஸ் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்ததும் அவன் தோள்கள் நடுங்கத் தொடங்கின. பற்கள் கடகடவென்று அடித்துக்கொண்டன.

"குளிருதும்மா," என்றான் ஈனக்குரலில். "போத்தி விடு."

அவள் குவளையைக் கீழே வைத்துவிட்டு அவன் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். தண்ணென்று இருந்தது.

சுவரோரம் போய், மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தாள்.