பொந்துக்குள் போன புத்தகம்

இருவாச்சிப் பறவை கோதை, முட்டையிடுவதற்காகத் தங்கள் வழக்கப்படி மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு முப்பது நாளாயிற்று. அலகு நுழையுமளவு ஓர் இடுக்குதான் திறந்திருந்தது. அதன் வழியே கணவன் அத்திப்பழம் ஊட்டுவான். மற்ற நேரங்களில் கிளையில் உட்கார்ந்து, வருகிற பறவைகளுக்கெல்லாம் படிக்க நல்ல புத்தகம் சொல்வான். கோதைக்கு உள்ளே எல்லாம் கேட்கும்.

அன்று மைனாவிடம், “உளவியல், வரலாறு எல்லாம் அப்புறம். பெண் விடுதலை பத்தின இந்தப் புத்தகத்தை எல்லாரும் கட்டாயம் படிக்கணும்” என்றான்.

“எனக்கும் கொடுங்க” என்றாள் கோதை.

“இடுக்குல நுழையாது கோதை. சாராம்சத்தைச் சொல்றேன்.”

“சாராம்சம் வேண்டாம். தாள் தாளாக் கிழிச்சுக் கொடுங்க.”

அவன் ஆசையாய்ப் பாதுகாத்த புத்தகம் அது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் வெளியே தாள் கிழிகிற சத்தம் கேட்டது.

அன்றிலிருந்து பழத்தோடு தாளும் வந்தது. இடுக்கின் வெளிச்சத்தில் நிதானமாகப் படித்தாள். கடைசித் தாளையும் முடித்த மறுநாள் மைனா வந்து, “அடுத்து எதைப் படிக்கலாம்?” என்று கேட்டது.

கணவன் பேச ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினான். கிளையில் நகர்ந்து இடம் விட்டான்.

இடுக்கில் மைனாவின் கண் தெரிந்தது. “சொல்லுங்கக்கா.”