கணப்படுப்போரம்

1842, ஜனவரி. மாசசூசெட்ஸ் கிராமப் பள்ளி வாசலில் பூட்ஸில் அப்பிய பனியோடு நிற்கிறார் அபைஜா. பள்ளிக்கு விறகு அனுப்பும் வீட்டுப் பிள்ளைகள்தான் கணப்படுப்போரம் உட்காருவது வழக்கம். இன்று அவர் மகள் புரூடென்ஸுக்குப் பக்கத்தில், ஒரு சுள்ளிகூட அனுப்பாத ஐரிஷ் ரயில்பாதைக் கூலியின் மகள் ஹனோரா, விறைத்த விரல்களை விரித்துக் குளிர்காய்கிறாள். “யாரைக் கேட்டு இதை இங்க உக்கார வச்சீங்க, டீச்சரம்மா?” “பள்ளிக்கூடம் எல்லாப் பிள்ளைக்கும் பொது, செலவை ஊரே ஏத்துக்கணும்னு பாஸ்டன் சீர்திருத்தக்காரர் சொல்றாரே, ஐயா.” “சொல்றவனுக்கென்ன, அவனா வந்து விறகு பிளக்கப்போறான்?” மூலையில் அடுக்கியிருந்த தன் கட்டைகளை வாரி வண்டியில் எறிகிறார். ஆத்திரம் அடங்கவில்லை. அடுப்பில் எரிவதும் அவர் கட்டைதானே! வாளி நிறையப் பனியை அள்ளிவந்து நெருப்பின்மேல் கொட்டுகிறார். உஸ்ஸென்று எழுந்த புகை அறையை மூடுகிறது. அதற்குள்ளிருந்து முதலில் கேட்பது புரூடென்ஸின் இருமல்.