உச்சிக்கு இன்னும் நூறு அடி

"கால் வலிக்குது. என்னால இதுக்கு மேல ஒரு அடிகூட நடக்க முடியாது."

சிறுமி மலைப்பாதையின் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டாள். உச்சி எதிரே தெரிந்தது. மிஞ்சினால் இன்னும் நூறு அடி.

"எந்தக் கால்?" என்று குனிந்து கேட்டாள் அவளுடைய சித்தி.

"இது." வலது கணுக்காலைக் காட்டினாள்.

சித்திக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. பன்னிரண்டு வருடமாக உடைந்த கையையும் பிசகிய காலையும் பார்த்துப் பார்த்து, உண்மையாகவே வலிப்பவர்களின் முகம் அவளுக்கு மனப்பாடம். இந்த முகம் அது இல்லை. ஐந்து நிமிடத்துக்கு முன்னால்தான் இதே கால் பாறைக்குப் பாறை தாவிக்கொண்டிருந்தது.

கல்யாணமாகி நாலு மாதம். முதல் மனைவி விஷக்காய்ச்சலில் போய்விட்டாள், பத்து வயதில் ஒரு பெண் இருக்கிறாள் என்று சொல்லித்தான் கணவன் அவளைக் கட்டிக்கொண்டான். அந்தப் பெண் இதுவரை அவளை எந்த உறவு சொல்லியும் கூப்பிட்டதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால்கூடச் சுவரைப் பார்த்துத்தான் கேட்கும். "மூணு பேரும் ஒருநாள் வெளிய போய்ட்டு வந்தா எல்லாம் சரியாயிடும்" என்று கணவன்தான் இந்த மலைக்கு ஏற்பாடு செய்தான். அடிவாரத்துப் பலகையில் 'குழந்தைகளும் ஏறலாம்' என்றே எழுதியிருந்தது.

சரியாவதாவது! காலையிலிருந்து ஒரே அடம். பள்ளத்தாக்கைப் பார்க்கலாம் என்று சித்தி வேலி ஓரம் போய் நின்றால், சிறுமி சட்டையைப் பிடித்து இழுத்தாள். கணவன் பக்கத்தில் வந்தால் இருவருக்கும் நடுவே இடித்துக்கொண்டு நுழைந்தாள். அப்பாவைப் பங்கு போட மனசில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள் சித்தி.

"சரி கண்ணு, நீ இங்கயே உட்காரு" என்றான் கணவன் பொறுமையாக. "நாங்க ரெண்டு பேரும் மேல போய்ப் பார்த்துட்டுப் பத்தே நிமிஷத்துல வந்துடறோம்."

"வேணாம்! போகாதீங்க! என்னைத் தனியா விட்டுட்டுப் போகாதீங்க!"

சிறுமி சித்தியின் காலைக் கட்டிக்கொண்டு போட்ட கூச்சலில், இறங்கிக்கொண்டிருந்த ஒரு குடும்பம் நின்று திரும்பிப் பார்த்தது.

"புள்ளைக்கு என்னாச்சு?"

"ஒண்ணுமில்லீங்க. செல்லம் ஜாஸ்தி" என்று சிரித்தான் கணவன்.

சித்திக்கு மானம் போயிற்று. "என்னங்க, இறங்கிடலாம். இன்னொரு நாள் பார்த்துக்கலாம்."

அவன் உச்சியை ஒருமுறை பார்த்தான். முகம் சுண்டிப்போனது. "உன் இஷ்டம்" என்றான்.

இறங்கும் வழியெல்லாம் சிறுமி சித்தியின் கையை விடாமல் நொண்டினாள். ஒரு வளைவு தாண்டியதும் வலது கால் சரியாகி, இடது கால் நொண்டியது. சித்தி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பாதி வழியில் ஓர் அம்மாள், மலையேற வருபவர்களுக்குத் தன் வீட்டு முன்னறையில் சமைத்துப் போடுகிறார். ஆவி பறக்கும் சோறு, பருப்பு, பொரித்த முட்டை. மூவருக்கும் பரிமாறிவிட்டு, "பாப்பா ஏன் சாப்பிடாம பிசைஞ்சிட்டே இருக்கு?" என்று கேட்டார்.

"கால்ல சுளுக்காம்" என்றான் கணவன். பிறகு மனைவியின் பக்கம் திரும்பினான். "மணி ஒண்ணுதான் ஆகுது. இவளை இந்தம்மாகிட்ட விட்டுட்டு நாம மட்டும் மறுபடி ஏறிடலாமா? வெயில் இறங்கற நேரத்துல உச்சி அவ்ளோ அழகா இருக்கும்."

"தாராளமாப் போய்ட்டு வாங்க. புதுசாக் கல்யாணம் ஆனவங்க மாதிரி தெரியுது. பாப்பாவை நான் பார்த்துக்கறேன்" என்றார் அம்மாள்.

சித்தி சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். மறு நொடி சிறுமியின் தட்டு கவிழ்ந்தது. சூடான பருப்பு சித்தியின் மடியெல்லாம் கொட்டியது.

வந்த கோபத்தில் சிறுமியின் கையைப் பிடித்து வீட்டின் பின்பக்கக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"வேணும்னேதானே தட்டிவிட்டே? கால்வலியும் பொய்தானே? யார்கிட்ட நடிக்கிறே? தினமும் எலும்பைப் பார்க்கிறவ நான்!"

சித்தி குழாயைத் திறந்து மடியைக் கழுவினாள்.

"என்னைப் பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லிடு. உங்கம்மா இடத்தைப் பிடிக்க நான் வரல. ஆனா ஒரு நாள், ஒரே ஒரு நாள், எங்க ரெண்டு பேரையும் நிம்மதியா இருக்க விடக்கூடாதா?"

சிறுமி வீட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை என்று தெரிந்ததும் கிட்டே வந்தாள்.

"சித்தி, மேல போகாதீங்க."

முதல் முறையாகக் கூப்பிட்டிருக்கிறாள்.

"எங்கம்மாவுக்குக் காய்ச்சல் எல்லாம் வரல. இந்த மலை உச்சியிலதான்... அப்பா பின்னாலேர்ந்து ரெண்டு கையாலயும் தள்ளினாரு. நான் பார்த்தேன். எல்லார்கிட்டயும் சொன்னேன், சின்னப் பொண்ணு பயத்துல உளறுதுன்னுட்டாங்க."

"என்ன, கிளம்பலாமா? நேரமாகுது" என்று உள்ளேயிருந்து கணவனின் குரல் கேட்டது.

சித்தி கழுத்திலிருந்த துப்பட்டாவை உருவி, மண்டியிட்டு, ஒன்றுமே ஆகாத அந்தக் காலைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். பிறகு வீட்டுக்குள் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்: "நான்தான் தப்பா நினைச்சிட்டேங்க, எலும்பே உடைஞ்சிருக்கு, இப்பவே எங்க ஆஸ்பத்திரிக்குப் போகணும்!"